போலீஸ் மாநாட்டுக்குச் சாப்பாடு யார் செலவு?

புளியங்குடியில் விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள். கண்ணுக்கு ஊர் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். எலுமிச்சம்பழ வாசனை!

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் இது. தென்காசி மாவட்டம். சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் பறித்த பழம் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும். ஏலம் நடக்கும். தரம் பிரிப்பார்கள். லாரியில் ஏற்றுவார்கள். நிறையப் பழம் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும்.

இந்தச் சந்தையில் எத்தனை விதமான மனிதர்கள்! பழம் கொண்டு வருகிற விவசாயி. கமிஷன் கடை முதலாளி. மூட்டை தூக்குகிறவர். குனிந்த தலை நிமிராமல் பழம் பொறுக்குகிற பெண்கள். லாரி டிரைவர்.

இவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டு. கொடுக்கல் வாங்கல் இருந்தால் தகராறும் உண்டு. தகராறு முற்றினால் எல்லாரும் ஏற வேண்டிய படி ஒன்றுதான். போலீஸ் ஸ்டேஷன் படி.

இந்தச் சந்தையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பந்தலில் ஒரு பலகை

ஒரு கற்பனை. வெறும் கற்பனைதான். எங்கேயோ நடந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

குற்றாலத்தில் போலீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சி மாநாடு. இரண்டு நாள். டி.எஸ்.பி.க்கள், இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் வருகிறார்கள். பெரிய நிபுணர்கள் வந்து பாடம் சொல்கிறார்கள்.

நல்ல காரியம். ஆனால் செலவு இருக்கிறதே! மண்டப வாடகை, தங்க இடம், இரண்டு நாள் சாப்பாடு, நிபுணர்களுக்குப் பிரயாணச் செலவு.

பணத்துக்கு என்ன செய்வது?

ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்வருகிறார்கள். ஒரு பழ வியாபாரி மத்தியானச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்கிறார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஆளுக்கொரு தோள்பை தருகிறார். பந்தலும் மைக் செட்டும் ஒரு பஸ் முதலாளியின் பொறுப்பு. மண்டப வாசலில் ஒரு பெரிய பலகை. "நன்கொடை வழங்கிய பெருமக்கள்" என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர்கள்.

இதற்கு இப்போது "ஸ்பான்சர்" என்று பெயர். நம் ஊர் வழக்கில் சொன்னால் உபயம். கோவில் திருவிழாவில் மண்டகப்படி உபயம் என்று போடுகிறோமே, அதே மாதிரி.

"சாமிக்கு உபயம் கொடுக்கலாம், போலீசுக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள்.

சாமி யாரையும் கைது செய்வதில்லை! யார்மீதும் எப்.ஐ.ஆர். போடுவதில்லை.

போலீசுக்கு உபயம் கூடாது என்பதே என் கட்சி.

மாநாடு அவசியம்

மாநாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். கட்டாயம் வேண்டும். முன்பு எப்போதையும்விட இப்போது வேண்டும்.

"420" என்றால் ஏமாற்றுக்காரன் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அந்த எண் போய்விட்டது! 1860ஆம் ஆண்டில் பிறந்த இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு 2024 ஜூலை 1ஆம் தேதி விடை கொடுத்தாகிவிட்டது. அந்த இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் ஏமாற்றுக் குற்றத்துக்கு எண் 318. கொலைக்கு 302 போய் 103 வந்தது. குற்ற விசாரணை முறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின.

எண்கள் மட்டும் மாறவில்லை. குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டைச் சோதனை போடும்போது அதை வீடியோ படம் பிடிக்க வேண்டும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால், தடயம் பார்க்கும் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு மட்டும் மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம்.

இருபது ஆண்டு, முப்பது ஆண்டு பழைய சட்டத்தில் பழகியவர்கள் இதையெல்லாம் யாரிடம் கற்பார்கள்? சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்!

திருடனும் மாறிவிட்டான். முன்பு கன்னம் வைத்தான். இப்போது செல்போனில் வருகிறான். போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு வீடியோவில் தோன்றி, "உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறேன்" என்று மிரட்டுகிறான். படித்தவர்களே பயந்துபோய்ப் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். (அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லவே இல்லை. இப்படி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.) இவனைப் பிடிக்க லத்தி போதாது. படிப்பு வேண்டும்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. அது கசப்பான பாடம்.

2020 ஜூன் மாதம், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனையும் மகனையும் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். கொரோனா ஊரடங்கு நேரம். சில நாளில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒன்பது போலீசார்மீது சி.பி.ஐ. கொலைக் குற்றம் சாட்டியது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார், நகை திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். நாடே பதறியது.

விசாரிப்பது என்றால் கேள்வி கேட்பது. அடிப்பதற்கு விசாரணை என்று பெயர் இல்லை. கீழே இருக்கிற போலீஸ்காரர் செய்வதை மேலே இருக்கிற அதிகாரி தடுக்க வேண்டும். தடுக்கத் தெரிய வேண்டும். அதிகாரிகளுக்குத்தான் முதலில் வகுப்பு நடத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நூறில் இரண்டு ரூபாய்கூட இல்லை

போலீசாருக்குப் பயிற்சி போதாது என்பது இன்று நேற்றுப் பேச்சு அல்ல. 1902ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் ஆண்ட்ரூ பிரேசர் என்பவர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷன் அமைத்தது. அந்தக் கமிஷனே அப்படித்தான் எழுதியது.

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948இல், ராஜஸ்தானத்து அபு மலையில் ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குப் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார்கள். பிறகு அது ஐதராபாத்துக்குப் போனது. சர்தார் பட்டேல் பெயரில் நடக்கிறது. நம் மாநிலத்தில் வேலூர்க் கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிக் கல்லூரி நெடுங்காலம் நடந்தது. இப்போது வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் காவலர் உயர் பயிற்சியகம் இருக்கிறது.

கட்டடம் இருக்கிறது. பணம்? நாடு முழுவதும் போலீசுக்கு ஆகிற செலவில் பயிற்சிக்குப் போவது நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட இல்லை. வீட்டில் நூறு ரூபாய் செலவழிக்கிறோம், பிள்ளை படிப்புக்கு இரண்டு ரூபாய்கூட ஒதுக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை எப்படி உருப்படும்?

வேடிக்கை என்னவென்றால், பெரிய இடத்து மாநாட்டுக்கு இந்தத் தரித்திரம் இல்லை. எல்லா மாநிலப் போலீஸ் தலைவர்களும் கூடுகிற அகில இந்திய மாநாடு ஆண்டுதோறும் நடக்கிறது. 2024இல் புவனேசுவரத்தில் நடந்தது. 2025இல் ராய்ப்பூரில் நடந்தது. பிரதமரே வந்து உட்காருகிறார். மத்திய அரசின் உளவுத் துறை அதை நடத்துகிறது.

தலைவர்கள் கூடினால் அரசாங்கச் செலவு. ஜில்லா இன்ஸ்பெக்டர்கள் கூடினால் மட்டும் ஜவுளிக்கடைக்காரர் செலவா? ஸ்டேஷனில் உட்கார்ந்து நம் புகாரை வாங்குகிறவர் அந்த இன்ஸ்பெக்டர்தானே!

பந்தாட்டக்காரர்கள் கொடுத்த பணம்

உபயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன்.

இன்டர்போல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உலக நாடுகளின் போலீசார் சேர்ந்து வைத்திருக்கிற அமைப்பு. பிரான்சு நாட்டில் லியோன் நகரத்தில் தலைமை அலுவலகம். நம் நாடும் அதில் உறுப்பினர்.

கால்பந்தாட்டத்தில் சூதாட்டம் பெருகியது. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றுப்போனார்கள். அதைத் தடுக்கப் பயிற்சி கொடுக்க இன்டர்போல் திட்டம் போட்டது. பணம் வேண்டும். "நான் தருகிறேன்" என்று ஃபிஃபா முன்வந்தது. உலகக் கோப்பைப் பந்தயத்தை நடத்துகிற சங்கம் அது. 2011இல் ஒப்பந்தம். பத்து ஆண்டில் 2 கோடி யூரோ. நம் கணக்கில் நூறு கோடி ரூபாய்க்கு மேல்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பந்தாட்டத்தைச் சுத்தம் செய்யப் பந்தாட்டச் சங்கமே பணம் தருகிறது. இதைவிட நல்ல உபயம் உண்டா?

2015 மே 27. விடியற்காலை. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்து ஓட்டல் ஒன்றில் போலீசார் நுழைந்தார்கள். ஃபிஃபா பெரிய மனிதர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைது செய்தார்கள். லஞ்ச வழக்கு! அமெரிக்க அரசாங்கம் தொடுத்தது. அடுத்த வாரமே, ஃபிஃபாவின் பழைய பெரிய மனிதர்கள் இருவரைத் தேடி உலகம் முழுவதும் சிவப்பு அறிவிப்பு போனது.

சிவப்பு அறிவிப்பு கொடுத்தது யார்? இன்டர்போல்தான்!

யாரிடம் பணம் வாங்கிப் பாடம் நடத்தினார்களோ, அவர்கள் கூட்டத்தையே தேடும்படி ஆகிவிட்டது. ஜூன் மாதம் இன்டர்போல் அந்தப் பணத்தைத் தொடுவதை நிறுத்தியது. நடந்துகொண்டிருந்த பயிற்சித் திட்டம் நடுத்தெருவில் நின்றது.

இன்டர்போல் அறிவிப்புக் கொடுக்கத் தயங்கவில்லை. அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் உலகப் போலீசுக்கு இருக்கிற தைரியம் ஒரு சின்ன ஊர் சப்-இன்ஸ்பெக்டருக்கும் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கலாமா? போன மாதம் யார் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டாரோ, அவர் கடைக்குச் சோதனை போடப் போக வேண்டும். கால் கூசாதா?

அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே போலீஸ் தலைவர்கள் சங்கம் 1893 முதல் இருக்கிறது. ஆண்டு மாநாட்டோடு பெரிய கண்காட்சியும் வைப்பார்கள். காமிரா, துப்பாக்கி, கார் விற்கிற கம்பெனிகள் கடை விரிக்கும். உபயமும் கொடுக்கும். ஆல்புகர்க்கி என்ற நகரத்தில், டேசர் என்ற கம்பெனியிடம் 2013இல் சுமார் 19 லட்சம் டாலருக்குப் போலீஸ் காமிரா வாங்கினார்கள். போட்டி டெண்டர் கிடையாது. அந்தக் காலத்துப் போலீஸ் தலைவர், வேலையை விட்டதும் அதே கம்பெனிக்கு ஆலோசகர் ஆனார். இது விதிக்கு விரோதம் என்று மாநிலத் தணிக்கை அதிகாரி 2015இல் அறிக்கை கொடுத்தார்.

கேரளத்தில் எப்படி?

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும் அல்லவா?

நம் எலுமிச்சம்பழம் போகிற கேரளத்தில், போலீசார் ஆண்டுதோறும் "கோகோன்" என்ற பெயரில் கம்ப்யூட்டர் குற்றத் தடுப்பு மாநாடு நடத்துகிறார்கள். 2024இல் கொச்சியில் நடந்தது. கம்ப்யூட்டர் நிபுணர்களும் கம்பெனிக்காரர்களும் கலந்துகொள்கிறார்கள். தனியார் உபயமும் உண்டு. மாநாட்டுக்கு நல்ல பெயர் இருக்கிறது.

"கம்ப்யூட்டர் வித்தை கம்பெனிக்காரனிடம்தான் இருக்கிறது. அவனைச் சேர்க்காமல் எப்படிக் கற்பது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. பாங்கிக்காரரும் போன் கம்பெனிக்காரரும் வந்து சொன்னால்தான், பணம் எந்த வழியாகப் போனது என்று போலீசாருக்குப் புரியும்.

வரட்டும். பாடம் சொல்லட்டும். டீ நாம் வாங்கிக் கொடுப்போம்! பாடம் சொல்கிறவரே சாப்பாடும் போட்டு, பையும் கொடுத்து, கடைசியில் தன் சரக்கின் விலைப்பட்டியலையும் நீட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தெருவில் வைக்கும் காமிரா விஷயம் வேறு. சென்னையில் "மூன்றாவது கண்" என்று சொல்லித் தெருத்தெருவாகக் காமிரா வைத்தபோது, கடைக்காரர்களும் குடியிருப்போரும் பணம் போட்டார்கள். அந்தக் காமிரா பணம் கொடுத்தவரையும் பார்க்கிறது, கொடுக்காதவரையும் பார்க்கிறது. ஓர் அதிகாரியின் வயிற்றுக்குள் போவதில்லை.

மூன்றாவது வரியில் அப்பா பெயர்

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் தகப்பனார் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எந்த ஊர் என்பது வேண்டாம். அப்போது நான் எட்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு ஏட்டு ஒருவர் வந்தார். கையில் ரசீதுப் புத்தகம்.

"அண்ணாச்சி, விளையாட்டு விழா நடத்துதோம். உங்க பேரையும் எழுதியிருக்கு."

"எவ்வளவு ஏட்டய்யா?"

"அது உங்க இஷ்டம். பக்கத்துக் கடையில ஐந்நூறு கொடுத்திருக்காவ."

"இஷ்டம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது! அப்பா ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

ஸ்டேஷன் சுவர் ஓரமாகப் பலகை வைத்தார்கள். மூன்றாவது வரியில் அப்பா பெயர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா ஓரக்கண்ணால் பார்ப்பார். உள்ளூரச் சந்தோஷம்தான். விழா முடிந்தும் பலகையை யாரும் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து, எங்கள் கடைக்கு மூட்டை தூக்குகிறவருக்கும் கடைப் பையனுக்கும் கூலி விஷயமாகச் சண்டை. பையன் பிடித்துத் தள்ளிவிட்டான். அவர் கை ஒடிந்தது. அப்பா வைத்தியச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார். கூலிப் பாக்கி பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அவர் புகார் கொடுக்கவில்லை. "நல்ல மனுஷன்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

நான் காலேஜ் படித்து முடித்த பிறகு ஒரு நாள் அவரை டீக்கடையில் பார்த்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"தம்பி, அன்னைக்கி ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். போர்டுல உங்கப்பா பேரு இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். திரும்பி வந்துட்டேன்."

அப்பா யாரிடமும் ஒரு சலுகை கேட்டதில்லை. அந்த ஏட்டும் ஒரு சலுகையும் செய்ததில்லை. உள்ளே போயிருந்தால் ஒருவேளை புகாரை ஒழுங்காகவே வாங்கியிருப்பார்கள். ஆனாலும் அவர் உள்ளே போகவில்லை. கை இன்றைக்கும் நேராக நீட்ட வராது.

விதி என்ன சொல்கிறது?

இது தெரியாமல் யாரும் சட்டம் எழுதவில்லை. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு 1968ஆம் ஆண்டிலேயே நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசாங்கத்தின் முன் அனுமதி இல்லாமல், எந்தக் காரியத்துக்காகவும் அவர்கள் நன்கொடை கேட்கக் கூடாது. வாங்கவும் கூடாது. பணமாகவும் கூடாது, பொருளாகவும் கூடாது.

"நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்" என்று சொல்லித் தப்ப இடம் இல்லை. வாங்குவதையும் விதி சேர்த்தே தடுக்கிறது. ஆனால் அனுமதி என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த அனுமதியை அரசாங்கம் சுலபமாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதே நான் சொல்வது.

மாநாட்டுக்கு ஆடம்பரம் எதற்கு? பள்ளிக்கூடம் லீவில் பூட்டிக் கிடக்கிறது. கலெக்டர் ஆபீஸில் கூட்ட மண்டபம் இருக்கிறது. ஊனமாஞ்சேரியில் வகுப்பறைகள் இருக்கின்றன. சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போட்டால் இன்ஸ்பெக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செலவை மாநில பட்ஜெட்டில் போடட்டும். நூறில் இரண்டு ரூபாய்கூட இல்லாததை ஐந்து ரூபாய் ஆக்கட்டும். அதற்காக நாம் கூடுதலாக வரி கொடுத்தாலும் தப்பில்லை. அப்போது முதலாளியும் கூலிக்காரரும் சேர்ந்து கொடுத்த பணத்தில் அதிகாரி படிப்பார். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்காத கூலிக்காரர் உண்டா?

பழ வியாபாரிக்குக் கொடுக்கும் மனசு இருந்தால், நூல்நிலையத்துக்குக் கொடுக்கட்டும். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கட்டும். அங்கே பெயர் போட்டுக்கொள்ளட்டும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஸ்டேஷன் சுவரில் பலகை வைத்தே தீர வேண்டும் என்றால், எழுத வேறு விஷயம் இருக்கிறது. புகாரின்மேல் எப்.ஐ.ஆர். போட்டால், புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது பாதிப் பேருக்குத் தெரியாது. அதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் தெருவில் நின்றே படித்துவிடும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.